அப்பளம் நமுத்துப்போகும் அறை

சுட்ட அப்பளம் நமுத்துப்போக எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது உங்களைக் கேட்டதுண்டா? என்னைக் கேட்டாள். அதுவும் நான் கல்யாணமாகி வலியசாலை அக்கிரகாரத்துக்கு வந்த மூன்றாம் நாள், மாலையும் கழுத்துமாக நின்ற களைப்புகூடத் தீராத சமயத்தில். "நீ கல்லிடைக்குறிச்சிக்காரியாச்சே, உனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?" என்றாள். எங்கள் ஊரில் அப்பளம் இடுவார்கள், உலர்த்துவார்கள், கட்டுக் கட்டி நாலு ஊருக்கு அனுப்புவார்கள். அது நமுப்பதை ஒருத்தரும் பக்கத்தில் நின்று பார்த்தது கிடையாது. நமுத்துப்போனால் மாட்டுப்பெண்ணைத் திட்டுவார்கள், அவ்வளவுதான். இவளுக்குப் புத்தி சரியில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவள் எங்களுக்கு அடுத்த வீட்டு மன்னி. என் மாமியாருடைய அண்ணா பிள்ளையின் மனைவி. புருஷனுக்கு மலாயாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் வேலை. குழந்தை கிடையாது. அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். சுவருக்கு இந்தப் பக்கம் அவருடைய அத்தை, என் மாமியார், இருக்கிறாளே என்று அக்கிரகாரம் அதைப் பொறுத்துக்கொண்டது. நான் சொல்லப்போகிற காரியம் நடந்தபோது எனக்கு இருபத்திரண்டு, அவளுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். யுத்தத்துக்கு முன்னால் நடந்தது இதெல்லாம்.

அந்த அப்பளக் கேள்விக்குக் காரணம் ஒரு செடி. முந்தைய லீவில் வந்தபோது மன்னியின் புருஷன் அதை ஒரு தகரப் பெட்டியில் பாசி சுற்றிக் கப்பலில் கொண்டுவந்திருந்தார். இலை மாவிலை மாதிரிதான் இருக்கும். ஆனால் இலையின் நுனி நூலாக நீண்டு தொங்கும். அந்த நூல் முனை வீங்கி, நாளாக ஆக மூடி போட்ட ஒரு சின்னக் கிண்டியாகிவிடும். பச்சை உடம்பில் சிவப்புப் புள்ளி, உள்ளே தண்ணீர். வாசலில் கால் கழுவ வைக்கிற கிண்டியைப் பார்த்துப் பழகின தெரு அதற்குக் கிண்டிச் செடி என்றே பெயர் வைத்துவிட்டது.

கப்பலுக்குக் கிளம்பின அன்று அவர் வண்டியில் ஏறுவதற்கு முன்னால், தெருவே நிற்க, என் மாமியாரிடம் சொன்னாராம்: "அத்தை, இது பட்டுப்போனா ஒரு வரி எழுதுங்கோ. அடுத்த கப்பல்ல நானே இன்னொண்ணு எடுத்துண்டு வரேன்." பெண்டாட்டிமேல் எவ்வளவு பிரியம் என்று தெருப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். நான் வந்து சேர்ந்தபோதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் செடியைக் காப்பாற்றுகிற விதத்தைப் பார்த்து இவள் அல்லவோ பதிவிரதை என்று நானும் சொல்லியிருக்கிறேன். என் வாயில் மண்.

காப்பாற்றுவது என்றால் தண்ணீர் ஊற்றுவது இல்லை. அந்தச் செடி வேரால் குடிப்பதைவிடக் காற்றால் குடிக்கிறது. காற்றில் ஈரம் குறைந்தால் இலைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் நுனி நூல் கருகிவிடும், கிண்டி வராது, வந்த கிண்டியும் சுருங்கிவிடும். ஈரம் வேண்டும் என்று மட்டும் அவர் சொல்லியிருந்தார், எவ்வளவு என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டு கிண்டியைப் பறிகொடுத்துத் தானாகக் கண்டுபிடித்தாள். கொல்லைப்பக்கம் வாசல் உள்ள ஒரு சின்ன அறை, மேலே கூரையில் ஒரு கண்ணாடி ஓடு. அதன் அடியில் செடி. சுற்றிலும் தாம்பாளங்களில் ஆற்று மணல் நிரப்பி மணலை நனைத்து வைத்திருப்பாள். ஜன்னலில் ஈரச் சாக்கு. மேலே மூங்கில் கொடியில் அவளுடைய மடிப்புடவை, ஒன்பது கஜமும் சொட்டச் சொட்ட. வேறு வீடுகளில் மடி உலர்த்த நல்ல காற்றோட்டமான இடம் தேடுவார்கள். இவள் காற்றே இல்லாத அறையில் போடுவாள். மடித்துணி தொங்குகிற அறை என்பதால் வேறு யாரும் உள்ளே காலை வைக்க முடியாது. நினைத்தபோது எட்டிப் பார்க்க வருகிறவர்களுக்கு அதுவே பூட்டு.

கதவை யாராவது திறந்துவைத்தால் அடுக்களையிலிருந்து குரல் வரும். "கதவைச் சாத்துங்கோ, ஈரம் போயிடும்." தெருவில் ஆட்டுக்குட்டிகூட அந்தக் குரலுக்குப் பழகியிருந்தது.

இப்போது அப்பளத்துக்கு வருகிறேன். தணலில் ஒரு அப்பளம் சுடுவாள். எண்ணெயில் பொரித்தது உதவாது. நடுவில் ஊசியால் துளைத்து நூல் கோத்துச் செடிக்குப் பக்கத்தில் தொங்கவிடுவாள். பிறகு கை கட்டி நின்று ஒரு சுலோகத்தைப் பதினோரு தடவை சொல்லுவாள். முடிக்கும்போது அப்பளம் துவண்டிருந்தால் காற்று சரி. மொறுமொறுவென்றே இருந்தால் சாக்கை நனைக்க வேண்டும். மூன்றாம் தடவைக்குள்ளேயே துவண்டுவிட்டால் ஈரம் மிஞ்சிவிட்டது, பூசணம் பிடிக்கும், கதவை ஒரு விரல்கடை திறக்க வேண்டும். ஆடி மழையில் திறப்பாள், தை மாசி வறட்சியில் நனைப்பாள். சுலோகத்தை இதற்கா சொல்லுவது என்று கேட்டேன். "பகவானுக்கும் கேக்கும், அப்பளத்துக்கும் கேக்கும். சாரமில்லே" என்றாள். பரவாயில்லை என்பதற்கு அந்த ஊர் வார்த்தை அது. அவள் அப்பளத்தைத் தூக்கில் போடுகிறாள் என்று தெருவில் கேலி. அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

நான் முதன்முதலாக அரண்டது அந்த அறையில்தான். ஒரு நாள் குளித்த ஈரத்தோடு, நானும் மடிதானே என்று உள்ளே போய் ஒரு கிண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே தண்ணீரில் ஒரு பல்லி, பாதி கரைந்து, வால் மட்டும் தெரிந்தது. எறும்பு வேறு. பிராமணாள் வீட்டில், பூஜை அறைக்கு மூன்று கதவு தள்ளி, மாமிசம் தின்கிற செடி. ஓடிவந்து மாமியாரிடம் மூச்சு வாங்கச் சொன்னேன்.

"தின்னுட்டுப் போறது. நம்மாத்துல வந்து சாதம் கேட்டுதோ?" என்றாள் அவள், தேங்காய் துருவுவதை நிறுத்தாமல்.

மன்னியிடம் கேட்டேன், இந்தப் பாவத்தை எப்படி வீட்டில் வைத்திருக்கிறீர்கள் என்று. அவள் அந்தக் கிண்டியின் வழவழப்பான விளிம்பை விரலால் தடவினாள். "இது துரத்திண்டு போய்க் கொல்றதில்லை கேட்டியா. அழகா நின்னுண்டிருக்கும். வந்து வழுக்கி விழறவாளைத்தான் எடுத்துக்கும்" என்றாள். அது எனக்குப் பதிலாகவே படவில்லை.

மாதத்தில் மூன்று நாள் அவள் கொல்லைக் கொட்டிலில் தள்ளி உட்கார வேண்டும். தூரமான பெண் கை பட்டால் துளசியே பட்டுப்போகும் என்கிற ஊரில், கப்பலேறி வந்த செடியைத் தொடவிடுவார்களா? அந்த மூன்று நாளும் ஈரம் பார்க்கிற வேலை எனக்கு. கொட்டிலில் இருந்தபடியே மன்னி கேட்டுக்கொண்டிருப்பாள், "நமுத்தாச்சா? எத்தனாவது சுலோகத்துல?" நானும் சொல்லுவேன். கல்லிடைக்குறிச்சிக்காரியிடம் அப்பளத்தை ஒப்படைத்திருக்கிறேன், கவலையில்லை என்று எல்லாரிடமும் பெருமை பேசுவாள்.

நான் வந்த மூன்றாம் வருஷம், தை கடைசியில், அந்த மூன்று நாளுக்கு நடுவில் ஏகாதசி வந்தது. ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து கிழக்குக் காற்று உதட்டை வெடிக்க வைத்துக்கொண்டிருந்தது. ஏகாதசியன்று எங்கள் வீட்டில் அப்பளம் சுடுகிற வாசனை எழும்பக் கூடாது. மாமியார் உயிரை விட்டுவிடுவாள். முதல் நாள் சுட்டு மிஞ்சின அப்பளம் அடுக்கில் இருந்தது. இடுப்பில் என் கைக்குழந்தை அழுகிறது. அதில் ஒன்றை எடுத்து நூலில் கட்டித் தொங்கவிட்டேன். பதினோரு சுலோகம் சொன்னேன், தொட்டுப் பார்த்தேன், துவண்டிருந்தது. காற்று சரி என்று சாக்கை நனைக்காமல் வந்துவிட்டேன். அது அடுக்கிலேயே நமுத்த அப்பளம். எடுத்த கைக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? மறுநாள் துவாதசி, விடியுமுன் சமையல், அகத்திக்கீரை, நெல்லிக்காய். அந்த அவசரத்தில் அதே அடுக்கிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கட்டினேன். அப்பளம் இடுகிற ஊரில் பிறந்தவள் செய்கிற காரியமா இது?

துவாதசி மத்தியானம் போய்ப் பார்த்தால் ஆறு கிண்டியும் வதங்கின கத்தரிக்காயாகச் சுருங்கித் தொங்கின. மணல் பொடியாக உலர்ந்திருந்தது. வாளி வாளியாகத் தண்ணீரைக் கொட்டினேன்.

அன்று சாயங்காலம்தான் மலாயாவுக்கு மாதக் கடிதம் எழுதுகிற முறை. மாமியாருக்கு எழுத வராது. அவள் சொல்ல நான் எழுதுவேன். எப்போதும் போல், "செடி நன்னாயிருக்கு, உன் ஆத்துக்காரி சௌக்கியம்" என்று சொன்னாள். எழுதினேன். கை எழுதியதே ஒழிய மனசு ஒப்பவில்லை. பொய் எழுதுகிறோமே என்று ஒன்று. அதைவிட, ஒரு பெண் புருஷனை நினைத்து ஒரு செடியோடு இப்படி மல்லுக்கட்டுகிறாளே, அவர்தான் ஒரு தடவை வந்துவிட்டுப் போகட்டுமே என்று இன்னொன்று. காகிதத்தின் ஓரத்தில் நானாக ஒரு வரி சேர்த்தேன்: உண்மையில் செடி வாடிவிட்டது, தாங்கள் வந்தால் மன்னிக்கு ஆறுதல். மறுநாள் காலை என் வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போகிற வழியில் தபாலில் சேர்த்துவிட்டார்.

நாலாம் நாள் குளித்துவிட்டு மன்னி அறைக்கு வந்தாள். சுருங்கின கிண்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். நான் அழுதுகொண்டு நின்றேன். "சாரமில்லே. வேர் நன்னாத்தான் இருக்கு. ஒரு மாசத்துல திரும்ப வரும்" என்று அவள்தான் என்னைத் தேற்றினாள். அந்த நல்ல வார்த்தை கேட்டதும் நான் சும்மா இருந்திருக்கலாம்.

"கவலைப்படாதீங்கோ மன்னி. அண்ணாவுக்கு எழுதிட்டேன். வந்துடுவர்."

அவள் அப்படியே ஈரத் தரைமேல் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"தபால்ல போட்டாச்சா?"

"ஆச்சு. கார்த்தாலயே."

அவள் இடது கையை நீட்டினாள். மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக இருக்கும். கிணற்று ராட்டினம் அறுந்து விழுந்ததில் உடைந்தது என்று தெரு முழுக்கத் தெரியும். "ராட்டினம் அறுந்தேபோகலை. மோர் புளிச்சிருந்தது" என்றாள். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். மோர் புளித்ததற்காகவா ஒரு கையை உடைப்பார்கள் என்று அந்த மணிக்கட்டைப் பார்த்தேன்.

"செடிக்கு ஈரம் வேணும்னு அவர்தான் சொன்னர். சரின்னு ஈரப் புடவையைக் கட்டிண்டு இங்க வந்து நின்னேன். மடியா இருக்கறவளைத் தொடக்கூடாதே. வாசல்ல நின்னு பல்லைக் கடிச்சுண்டு போயிட்டர். லீவுல கடைசி இருபது நாள் அப்படித்தான் கழிஞ்சது. அப்பறம் கப்பலேறச்சே, செடி பட்டுப்போனா வரேன்னர். நீயும் கேட்டிருப்பையே, எல்லாரும் சொல்லுவாளே."

இத்தனை நாள் இந்த அறையில் அவள் காத்தது எது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் வருவதற்காக இல்லை, வராமல் இருப்பதற்காக. அந்தக் கதவைத்தான் நான் ஓரத்தில் ஒரு வரி எழுதித் திறந்துவிட்டேன்.

மாமியாரிடம் ஓடினேன். திட்டட்டும், அடிக்கட்டும் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் திட்டவில்லை.

"நான் சொல்லாத வரியை நீ எப்படி எழுதினே? மாசாமாசம் செடி நன்னாயிருக்குன்னு சொல்றேனே, என்னிக்காவது போய்ப் பார்த்துட்டுச் சொல்லியிருக்கேனா?"

"இல்லைம்மா."

"பார்த்துட்டுச் சொன்னா பொய்யாயிடும். பார்க்காம சொல்லிட்டா பொய் இல்லை."

"உங்களுக்குத் தெரியுமா அப்போ?"

"அவன் என் அண்ணா பிள்ளை. எங்க அண்ணா கை எப்படீன்னு எங்க மன்னி உடம்பைப் பார்த்து வளர்ந்தவ நான்."

சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பெண்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் அந்தப் பொய்யைக் கட்டிக் காத்திருக்கிறார்கள். உண்மை பேசுகிறவள் என்று நடுவில் நான் ஒருத்தி வந்து சேர்ந்தேன்.

அன்றே இன்னொரு கடிதம் எழுதினோம், செடி பிழைத்துவிட்டது, வர வேண்டாம் என்று. பிறகு நானும் மன்னியும் அந்த அறையில் பட்டபாடு பெரிய பாடு. நாளுக்கு ஆறு தடவை சாக்கு நனைத்தோம். நூல் முனை கடுகளவு வீங்கியது, பிறகு மிளகளவு. பங்குனியில் முதல் கிண்டி மூடி திறந்தது. அன்று மத்தியானம் பதில் வந்தது. லீவு கிடைத்துவிட்டது, கப்பலேறுகிறேன் என்று. எங்கள் இரண்டாவது கடிதம் அவருக்குக் கிடைத்ததா, கிடைத்தும் கிளம்பினாரா, இன்றுவரை தெரியாது.

வந்தார். மரியாதைக்கு அவர் என்றே எழுதுகிறேன். என் பேனாவுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. சிரித்த முகம், தெருக் குழந்தைகளுக்கெல்லாம் பிஸ்கோத்து. என்னைப் பார்த்து, "நீ எழுதினதனாலதான் வந்தேன் குழந்தை" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மன்னி ஈரப் புடவையோடு செடி அறையில் நின்றாள். அறை வாசலில் என் மாமியார் மணையைப் போட்டு உட்கார்ந்து காய் நறுக்கினாள். இரண்டு நாள் இப்படிப் போயிற்று. அவர் வாசலில் வந்து நிற்பார், சிரிப்பார், போய்விடுவார்.

மூன்றாம் நாள் நான் தூரமாகி எங்கள் கொல்லைக் கொட்டிலில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு கொல்லைக்கும் நடுவில் ஒரு திட்டிவாசல் உண்டு. காலை ஒன்பது மணி இருக்கும். மாமியார் சோறு வடிக்க எங்கள் வீட்டுக்குள் வந்திருந்தாள். கிணற்றடியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவர் தலையோடு தண்ணீர் ஊற்றிக் குளித்துக்கொண்டிருந்தார். துவட்டிக்கொள்ளவில்லை. சொட்டச் சொட்ட, ஈர வேஷ்டியோடு, நேராகச் செடி அறைக்குப் போனார்.

மடியாக இருப்பவளை மடியாக இருப்பவன் தொடலாம். அதை நாங்கள் மூன்று பேரும் யோசிக்கவே இல்லை.

"ஈரம் போயிடும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கதவு சாத்திக்கொண்டது.

உள்ளேயிருந்து ஒரு தாம்பாளம் உருண்ட சத்தம். மன்னியின் குரல் வரவேயில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் வாயைத் திறக்கமாட்டாள், தெருவுக்குக் கேட்டுவிடும் என்று.

நான் எழுந்தேன். அதற்குப் பிறகு என் கால் செய்ததற்கு நான் பொறுப்பில்லை. திட்டிவாசலைத் தாண்டி, கிணற்றடியைத் தாண்டி, அந்தக் கதவைத் தோளால் தள்ளினேன். அவர் மன்னியின் அந்தக் கோணல் மணிக்கட்டைப் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தார். அவள் கன்னம் சுவரோடு அழுந்தியிருந்தது. நான் போய் அவர் முழங்கையை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"நான் தூரம் அண்ணா" என்றேன்.

ஒரு மனுஷனை அடித்தால்கூட அப்படி அலறமாட்டான். "சிவ சிவா" என்று கையை உதறினார். நான் விடவில்லை. தொங்குகிற மடிப்புடவை என் தலையில் பட்டது, செடி என் இடுப்பில் பட்டது, பட்டுத் தொலையட்டும் என்று இருந்தேன். மன்னியின் கையை அவர் விட்ட பிறகுதான் நானும் விட்டேன். அவர் கிணற்றடிக்கு ஓடினார். சத்தம் கேட்டு வாசல் வழியாக நாலு வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். என்னைப் பார்த்த கண்ணெல்லாம் பிதுங்கின. தூரமானவள் மடி அறைக்குள், அதுவும் பிற புருஷனைத் தொட்டு.

என் மாமியார் அத்தனை பேருக்கும் நடுவில் வந்து நின்றாள். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அவரைப் பார்த்துச் சொன்னாள், தெருக்கோடிக்குக் கேட்கிற குரலில்: "பொண்டாட்டியை அடிக்கறதுக்காக ஸ்நானம் பண்ணி மடி உடுத்திண்டு வந்த ஆம்பளை இந்தக் கிராமத்துல நீதாண்டா முதல்."

மன்னியின் கை வீங்குவதைத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

அவர் அந்த வாரமே பெட்டியைக் கட்டினார். பிறகு வரவில்லை. யுத்தம் வந்ததும் கடிதமும் நின்றது. என் வீட்டுக்காரர் என்னோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு வருஷம் தெருவில் ஒரு வீட்டு விசேஷத்துக்கும் என்னை அழைக்கவில்லை. செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கை பட்டும் அந்த மழைக்காலத்தில் ஏழு கிண்டி விட்டது.

ஆனால் எனக்கு இப்போதும் நம்ப முடியாதது அதெல்லாம் இல்லை. அன்று மத்தியானம் நான் கொட்டிலில் தனியாக, இலையைப் போட்டுக்கொண்டு, சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். மன்னி வந்தாள். தலை குளித்து, உலர்ந்த புடவை கட்டி, கையில் பச்சிலைக் கட்டோடு வந்தாள். தள்ளி நிற்பாள் என்று பார்த்தால், பக்கத்தில் என் தோளோடு தோள் உரச உட்கார்ந்தாள். "மன்னி, தீட்டு" என்று நான் பதறி நகர்ந்தேன். அவளும் கூடவே நகர்ந்தாள். நல்ல கையை நீட்டி என் இலையிலிருந்து, நான் பிசைந்த சோற்றில் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

கொல்லைப்படியில் மாமியார் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் உள்ளே போய்ச் சாதப் பாத்திரத்தோடு திரும்பி வந்திருந்தாள். கை படாத தூரத்தில் நின்று, எங்கள் இரண்டு பேருக்குமாக அந்த ஒரே இலையில் இன்னும் இரண்டு கரண்டி போட்டாள்.